நான் வாசிக்காத பேஸ் கிட்டார்

போன மாதம் ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். பெங்களூரில் இருக்கும் மகளிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு லிங்க் வந்தது. கூடவே ஒரே ஒரு வரி: "அப்பா, இது நீங்களா?"

நான் அதைத் தொடவில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் உத்தியோகக் காலம் முழுவதையும் கழித்தவன் நான். செத்துப்போனவர் பெயரில் இன்னொருவர் வந்து உட்கார்ந்து, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் கைநாட்டு வைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் எதையும் உடனே நம்புகிற சுபாவம் எனக்கு இல்லை. காய்கறிக்காரம்மா ஒரு தக்காளி கூடுதலாகப் போட்டால்கூட, அதில் அழுகல் எந்தப் பக்கம் என்று திருப்பிப் பார்ப்பேன். மனைவி இதைச் சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டாள். ஆகவே முதலில் மகளுக்குப் போன் செய்து, லிங்க் அனுப்பியது அவள்தானா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். சிரிப்பு அவளுடையதுதான். அதன் பிறகே திறந்தேன்.

கறுப்புப் பின்னணியில் மூன்று கிழவர்கள். மேலே ஆங்கிலத்தில் 'நைன் யார்ட்ஸ்'. கீழே தமிழில் 'ரெண்டாம் முழுக்கு'. சாயப் பட்டறையில் முதல் தடவை முக்கியது வெளுத்துத் தெரிந்தால் மறுபடி தொட்டியில் முக்குவார்கள், அதுதான் ரெண்டாம் முழுக்கு. மொத்தம் எட்டுப் பாட்டு. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் பெயர்கள்: பாட்டு டேனியல், லீட் கிட்டார் குமரேசன், டிரம்ஸ் பாஷா. பேஸ் கிட்டார் என்று போட்டு, என் பெயர்.

நான் பேஸ் கிட்டாரைத் தொட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த மூன்று பேரும் என்னை எதுவும் கேட்கவில்லை. படத்தில் நான் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. என் ஆபீஸில் இதற்கு ஒரு பெயர் உண்டு: ஆள்மாறாட்டம்.

உங்களுக்கு நைன் யார்ட்ஸைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆரணியிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. பட்டுச் சேலை ஊரில் இங்கிலீஷ் பாணியில் பாட்டுக் குழு ஆரம்பித்தால் வேறு என்ன பெயர் வைக்க முடியும் என்று டேனியல் வைத்த பெயர் அது. ஊர் அதை உடனே மொழிபெயர்த்துக்கொண்டது. "ஒம்போது கெஜம் பசங்க வந்துகினு கீறானுங்க பாரு" என்பார்கள். எங்கள் முடியும் கிட்டத்தட்ட அந்த நீளம்தான் இருந்தது.

பதில் கிடைக்க வேண்டுமென்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். முதல் பாட்டைப் போட்டேன். கிட்டார் உறுமியதும் என் மூக்கில் ஏறியது பட்டு வேகும் வாசனை. பச்சைப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை எடுக்கும்போது வரும் நெடி அது. பழகாதவர்களுக்குக் குமட்டும். எங்களுக்கு அதுதான் சங்கீதத்தின் வாசனை. குமரேசனின் அப்பா சாயப் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்குப் பின்னால் நூல் மூட்டை அடுக்கும் ஒரு நீள அறை. நாலு சுவரிலும் கூரை வரைக்கும் மூட்டை. அங்கேதான் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்போம். நாங்கள் என்ன கத்தினாலும் மூட்டைகள் வாங்கிக்கொள்ளும். மிச்சம் கசிந்தது தெருவிலிருக்கும் தறிச் சத்தத்தில் கரைந்துபோகும். இதைவிட நல்ல இடம் மெட்ராஸில்கூடக் கிடைத்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

டேனியல், மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகன். கப்பலில் வேலை பார்த்த அவனுடைய சித்தப்பா கொண்டுவந்த கேசட்டுகள்தான் எங்களைக் கெடுத்தன. குமரேசன் கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசித்தவன். பாஷா கல்யாண பேண்டு செட்டுக்காரர் மகன். மாப்பிள்ளை அழைப்புக்குச் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பெரிய டிரம்மை மார்பில் கட்டி நடப்பான். அதே டிரம்மைத் தரையில் படுக்கவைத்து, காலால் மிதிக்க ஒரு கட்டையை அவனே செய்து, இரண்டு ஜால்ராவை இரும்புக் கம்பியில் தொங்கவிட்டு, அவன் கட்டிய டிரம்ஸ் செட்டைப் பார்த்தால் பாத்திரக் கடை மாதிரி இருக்கும். அடித்தால் அப்படி இருக்காது.

நான் பேஸுக்கு வந்தது திறமையால் இல்லை. வேலூரில் கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழு விற்றது பேஸ் கிட்டார்தான். நாலு கம்பிதானே, சுலபம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்பதற்கு மற்ற மூவரும் சாட்சி. 'சாயத்தண்ணி' என்று எங்களுக்கு ஒரு பாட்டு உண்டு. அதில் மூன்றாவது சுற்று முடிந்து எல்லோரும் ஒரு கணம் நிறுத்துவார்கள். நான் மட்டும் தாளத்தில் அரை அடி முன்னாலேயே விழுந்துவிடுவேன். எத்தனை சொல்லியும் எனக்கு அது வரவில்லை. கடைசியில் பாஷாதான், "உடுடா, அவன் உழுற எடத்துல நானும் உழறேன்" என்று தன் அடியை முன்னால் நகர்த்திக்கொண்டான். கேட்பவர்களுக்கு அது வேண்டுமென்றே செய்த மாதிரி ஆகிவிட்டது.

கண்ணமங்கலம் திருவிழாவில் ஒரு தடவை வாசித்தோம். மெல்லிசை என்று நம்பி வந்திருந்த ஜனம் முதல் பாட்டிலேயே எழுந்துகொள்ள ஆரம்பித்தது. பாஷா எங்களை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு, மாப்பிள்ளை ஊர்வலத்து அடியைத் தனியாக எடுத்தான். எழுந்தவர்கள் நின்றார்கள். பொம்பளைகள் சிரித்தார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்றி, எந்த இடத்தில் கல்யாணம் முடிந்து எங்கள் பாட்டு ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாதபடி உள்ளே இழுத்துவிட்டான். அன்றைக்கு நாங்கள் ஏழு பாட்டு வாசித்தோம். நாங்கள் ஒரு குழுவாக இருந்தது அன்று ஒருநாள்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

எங்கே விட்டேன்? ஆமாம், போன்.

பாட்டு நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. டேனியல் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயுசெல்லாம் பிள்ளைகளை அதட்டிய தொண்டை. போன வருஷம் மார்க்கெட்டில் பார்த்தபோது "நல்லாக்கிறியா" என்று கேட்கவே இரண்டு தடவை கனைத்தான். அந்த மனிதன் இப்படிக் கத்த முடியுமா? கம்ப்யூட்டர் வேலை என்று தீர்மானித்தேன். இந்தக் காலத்தில் யார் குரலையும் யாரும் செய்துவிடலாம் என்கிறார்களே. குமரேசன் வேறு மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்து ரிட்டயர் ஆகி வந்தவன்.

நாலாவது பாட்டு 'சாயத்தண்ணி'. மூன்றாவது சுற்று முடிந்தது. பேஸ் அரை அடி முன்னால் விழுந்தது.

நான் அந்த இடத்தைப் பத்துத் தடவையாவது திரும்பப் போட்டிருப்பேன். என் தப்பு அது. உலகத்தில் வேறு யாருக்கும் அந்தத் தப்பு கிடையாது. கையெழுத்தை மட்டுமில்லை, கையெழுத்தின் நடுக்கத்தையும் சேர்த்துப் போலி செய்திருந்தார்கள்.

மறுநாள் காலை குமரேசன் வீட்டுக்குப் போனேன். புது வீடு, பெரிய கேட். அவன் என்னை எதிர்பார்த்தவன் போல இருந்தான். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. காபி வந்தது. என் பெயர் எப்படி வந்தது என்று கேட்கத்தான் போனேன், ஆனால் டேனியல் குரலிலிருந்து ஆரம்பித்தேன். குமரேசன் சிரித்தான். கம்ப்யூட்டரும் இல்லை, ஒன்றும் இல்லையாம். டேனியலுக்கு இப்போது எட்டுகிற உயரத்துக்குத் தகுந்த மாதிரி எல்லாக் கம்பியையும் தளர்த்திச் சுருதியை இறக்கிவிட்டார்களாம். "வயசான பெரிய பெரிய குரூப்பெல்லாம் இதான் செய்றாங்க. கேக்கறவனுக்கு அவன் உச்சத்துல கத்தற மாதிரிதான் தெரியும்" என்றான். அப்படியானால் பேஸ் வாசித்தது யார் என்று கேட்டேன். அவனேதான். முதலில் சரியாகத்தான் வாசித்தானாம். பாஷா குச்சியைக் கீழே வைத்துவிட்டு, பாட்டு நொண்டுகிறது, பழைய மாதிரி வாசி என்றானாம்.

"அப்ப என்னக் கூப்பிட்டிருக்கலாமே" என்றேன்.

குமரேசன் சொன்னான்: "பாஷா ரெண்டு கண்டிசன் போட்டான். ஒண்ணு, நீ வரக் கூடாது. ரெண்டு, பேஸ்னு போடற எடத்துல உன் பேருதான் இருக்கணும். அந்த வாசிப்பு நீ போட்டது, உன் பேர எடுத்துட்டு வேற பேர் போட்டா அது திருட்டுன்னான்."

திருட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்று உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

கண்ணமங்கலத்துக்கு அடுத்த வருஷம் வேலூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் நாலு பாட்டைப் பதிவு செய்தோம். ஒரே ஒரு கேசட். மெட்ராஸில் ஒரு கேசட் கம்பெனிக்காரரைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதுவரைக்கும் பத்திரமாக வைக்க, பூட்டு உள்ள பீரோ பாஷாவின் அப்பா கடையில்தான் இருந்தது. கோட்டு, ட்ரம்பெட் எல்லாம் வைக்கும் பீரோ. அதில் வைத்தோம். மெட்ராஸுக்குக் கிளம்ப வேண்டிய நாளன்று பீரோவில் கேசட் இல்லை.

பாஷா தெருமுனை டீக்கடைக்கு ஓடிவந்து சொன்னான். நாங்கள் மூவரும் பையோடு நின்றிருந்தோம். கடையில் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பாஷாவின் அப்பாவும் அப்போதுதான் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் யோசிக்கவே இல்லை. "வித்துட்டியா, இல்ல கல்யாணப் பாட்டு எதனா மேல பதிஞ்சிட்டியா?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன்.

பாஷா என்னைப் பார்த்தான். குமரேசனைப் பார்த்தான். டேனியலைப் பார்த்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. யாரோ நீட்டிய டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, அப்பா என்ன ஏது என்று கேட்பதற்குள் அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அதோடு நைன் யார்ட்ஸ் முடிந்தது. நான் தேர்வெழுதிப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கேசட்டை எடுத்தது பாஷாதான் என்பதில் எனக்கு அன்றிலிருந்து துளி சந்தேகம் வந்ததில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவன், அந்த ஒன்றை மட்டும் சந்தேகப்படவில்லை.

குமரேசன் மெதுவாகச் சொன்னான். கேசட்டை எடுத்தது டேனியல்.

அந்த வாரம்தான் டேனியலுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் போலிருந்ததாம். சபையில் ஒரு பெரியவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, பிசாசுப் பாட்டுப் பாடுகிறவன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார். இவன் பயந்துபோய், பாஷா இல்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போய், ஒருமுறை கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று பாஷாவின் அப்பாவிடம் கேசட்டை வாங்கி, போகிற வழியில் ஏரியில் போட்டுவிட்டான். டீக்கடையில் உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பாஷாவுக்கே அன்று சாயங்காலம்தான் அப்பா சொல்லித் தெரியும். அப்பாவும் மகனும் வெளியே சொல்லவில்லை. சொன்னால் டேனியலின் வேலை போய்விடும் என்று பாஷாவின் அப்பா தடுத்துவிட்டாராம். டேனியல் ரிட்டயர் ஆன மறுவாரம் பாஷா வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறான். அங்கே ஆரம்பித்ததுதான் இந்த ஆல்பம்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"போன வருசம்தான். ஆனா அன்னிக்கே எனக்கு பாஷா எடுத்திருப்பான்னு தோணல. வாயத் தொறக்கல, அவ்ளோதான்" என்றான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, குமரேசன் சொல்வது உண்மைதானா என்று சந்தேகப்பட்டுப் பார்த்தேன். பழக்கதோஷம். ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை. அப்புறம்தான் வேறு கேள்வி வந்தது. நாங்கள் நாலு பேர். வாத்தியார் மகன்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பட்டறை முதலாளி மகன்மேல் வரவில்லை. கல்யாண வீட்டு வாசலில் நின்று கொட்டடிக்கிறவன்மேல் மட்டும் எப்படி ஒரு நொடியில் வந்தது? பீரோ அவனுடையது என்பதாலா? அப்படித்தான் இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். எதிரில் இருப்பவர் பத்திரத்தில் இப்படி ஒரு காரணம் எழுதியிருந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இரண்டு நாள் சாக்குச் சொல்லிக் கழித்தேன். மூன்றாம் நாள் காலையில் போனேன். பாஷாவின் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. இத்தனை வருஷமும் நான் பஸ் ஸ்டாண்டுக்குச் சுற்றுவழியாகப் போய்வந்ததற்குக் காரணம் அந்தத் தெருதான்.

அவன் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். முதல் நடை முடிந்து வந்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தேன். சுற்றிக்கொண்டு எதிரே போய் நின்றபோது, "வாங்க சார். இந்தக் காது கேக்காது, இப்டி வாங்க" என்றான். ஜால்ரா பக்கத்துக் காது போய்விட்டதாம்.

அந்த 'சார்' எனக்கு வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் சொன்னான் என்றும் தோன்றியது.

என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். தெரியாமல் பேசிவிட்டேன், தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். அவன் குழாயை மூடிவிட்டுத் துணியைப் பிழிந்தான். டேனியலை மட்டும் எப்படிச் சேர்த்துக்கொண்டாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டேன்.

"அவன் பயத்துல செஞ்சான். பயம் எல்லாருக்கும் கீது" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "எடுத்தியாடான்னு நீ கேட்டிருந்தா, இல்லடான்னு சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்ல. எங்கப்பா எதுர்ல, வித்துட்டியான்ன."

அவன் அப்பாவுக்கு அந்தச் சொல் ரொம்ப நாள் மனசில் இருந்ததாம். கடைசிக் காலத்தில் நினைவு தப்பிய பிறகும், பீரோவைத் திறந்து பார், எல்லாம் இருக்கிறதா பார் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். பாஷா இதைக் கோபமில்லாமல் சொன்னான். கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் இறந்தது எனக்குத் தெரியும். பாஷாவின் மனைவி போனதும் தெரியும். இரண்டுக்கும் நான் போகவில்லை. இரண்டு மகள் கல்யாணத்துக்கும் பத்திரிகை வரவில்லை, வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

வந்திருந்த அவன் மகள் ஒருத்தி டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தோம். பேர் போட்டதற்கு நன்றி என்றேன். "உன் பேருக்காகப் போடல. நீ உழுற எடம் அப்டி" என்றான். அது பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. குத்தலாகத்தான் இருக்கும் என்று என் சுபாவம் சொல்கிறது.

அடுத்த நடைக்கு இன்னும் நேரமிருந்தது. சும்மா நடக்கலாமா என்று அவனே கேட்டான். அவனுடைய கேட்கிற காதுப் பக்கம் நான் நடந்தேன். கால்கள் அவையாகவே பட்டறைத் தெருவுக்குப் போய்விட்டன. நான் அந்தப் பக்கம் வந்து எத்தனையோ வருஷம். பட்டறையை விற்றது தெரியும். இடித்ததும் தெரியும். இப்போது அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். சிமெண்ட் தரை, மஞ்சள் கோடு, ஒரே ஒரு சங்கிலி. சோப்பு நெடி இல்லை, மூட்டை இல்லை. தெருவில் அந்த நேரத்தில் தறிச் சத்தமும் இல்லை.

நூல் அறையின் கதவு இருந்த இடம் இதுதான் என்று பாஷா தெருப் பக்கத்து மூலையைக் காட்டினான். எனக்கு அது நேர் எதிர்ப் பக்கமாக, கிணற்றடியை ஒட்டி இருந்ததாகத்தான் ஞாபகம். நான் அதைச் சொன்னேன். டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தவன் நான், எனக்குத் தெரியாதா என்றான் அவன். கிணறும் இல்லை. கேட்டுப்பார்க்க குமரேசனின் அப்பா இல்லை, அங்கே வேலை செய்தவர்கள் யாரும் இல்லை. ஒரு செங்கல்கூட இல்லாத இடத்தில், வெயிலில், இரண்டு கிழவர்கள் ஒரு கதவைத் தேடிக்கொண்டு நின்றோம்.

கொஞ்ச நேரம் கழித்து, நீ சொல்கிற பக்கம்தான் இருந்திருக்கும் என்று சொன்னேன். அவன் அதை நம்பினானா என்று தெரியவில்லை. வேனுக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பி நடந்தான்.